சிறு வயலில் புதினா எண்ணெய்

தலைவலிக்குத் தடவும் தைலத்திலும், பற்பசையிலும், தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் மிட்டாயிலும் ஒருவகைக் குளிர்ச்சி இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்தக் குளிர்ச்சியைத் தருவது மென்தால் என்னும் பொருள். புதினா இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையில் அது இருக்கிறது. இயற்கை மென்தாலை உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியாவே. இந்தியாவில் விளைவதிலும் மிகப் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சீதாபூர், ராம்பூர், மொராதாபாத், சம்பல், பதாயூன் முதலிய ஜில்லாக்களிலிருந்து வருகிறது. விளைவிப்போர் பெருந்தோட்ட முதலாளிகள் அல்லர். கோதுமையும் நெல்லும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வாழும் சிறு குடும்பத்தினரே இப்பயிரையும் செய்கின்றனர்.

வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் தமிழ் நேயர்களில் பலர் இவ்வயல்களைக் கண்டிருப்பர். லக்னோவிலிருந்து கிழக்கே செல்லும் ரயில்களில் பல பாராபங்கியைக் கடந்தே போகின்றன. வைகாசி, ஆனி மாதங்களில் அவ்வழியே செல்வோர், வயல்வெளியில் ஆங்காங்கே புகையும் அடுப்புகளையும், அவற்றின்மேல் ஏற்றப்பட்ட பெரிய இரும்புக் கலங்களையும் காணலாம். நீலகிரியில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய காட்சியன்று. அங்கே மரத்தின் இலை. இங்கே வயலின் செடி. வேலை ஒன்றே.

மூலிகை பயிரிட்டால் பணம் குவியும் என்ற பேச்சு இந்நாளில் எங்கும் கேட்கிறது. ஊரில் இருக்கும் சிறு நிலத்தை என்ன செய்வது என்று யோசிப்பவர்களும், ஓய்வு பெற்றபின் கொஞ்சம் நிலம் வாங்கலாம் என்று எண்ணுபவர்களும் இப்பேச்சைக் கேட்டு ஆசை கொள்வது இயல்பு. அப்பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை, பல்லாயிரம் குடும்பங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் இந்தப் புதினாச் சாகுபடியைக் கொண்டே எடை போட்டுப் பார்க்கலாம்.

எந்தப் புதினா?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நம் வீட்டில் துவையலுக்கு அரைக்கும் புதினா வேறு. எண்ணெய்க்காகப் பயிரிடும் புதினா வேறு. சமையல் புதினாவின் மணம் கார்வோன் என்னும் பொருளால் உண்டாவது. அதில் மென்தால் மிகக் குறைவு. எண்ணெய்ப் புதினாவிலோ, வடித்தெடுத்த எண்ணெயில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை மென்தாலே இருக்கும். இதனை மென்தால் புதினா என்றும் ஜப்பானியப் புதினா என்றும் கூறுவர். உத்தரப் பிரதேச விவசாயிகள் 'மெந்தா' என்று சுருக்கமாக வழங்குகின்றனர்.

ஜப்பானியப் புதினா என்ற பெயருக்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகுக்கு மென்தாலை அளித்த நாடு ஜப்பான். போருக்குப் பின் பிரேஸில் அவ்விடத்தைப் பிடித்தது. பின்னர் சீனா முன்னேறியது. அதன்பின் இந்தியா முதலிடம் பெற்றது. 1950-களில் ஜப்பானிலிருந்து இச்செடி நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. லக்னோவில் இருக்கும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையம் இதனை விவசாயிகளிடையே பரப்புவதில் பெரும்பங்கு வகித்தது. 1959-இல் வேறு பெயருடன் தொடங்கி, 1978-இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்நிலையம், ஹிமாலயா, கோசி, சரயு, கிராந்தி முதலிய பெயர்களில் உயர்ந்த ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. ஒரு பயிர் நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே வந்த இவ்வரலாற்றை மனத்தில் கொள்ளுதல் நன்று. இன்று நம் கையில் இருப்பது என்றென்றும் நம் கையில் இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

இரு பயிர்களுக்கு நடுவே

மென்தால் புதினாவை விதை போட்டு வளர்ப்பதில்லை. மண்ணுக்குள் ஓடும் வெண்மையான தண்டுகளைக் குளிர்காலத்தில் தோண்டி எடுத்து, துண்டுகளாக நறுக்கி நடுகின்றனர். நேரே வயலில் நடுவதானால் ஒரு ஹெக்டேருக்கு 4 முதல் 5 குவிண்டால் வரை தண்டு வேண்டும். நாற்றங்கால் அமைத்து நாற்றாக நட்டால் இதைவிடக் குறைவாகவே போதும். ஆகவே சிறு விவசாயிகள் பெரும்பாலும் நாற்றங்கால் முறையையே விரும்புகின்றனர். ஜனவரி, பிப்ரவரியில் நாற்று வளர்கிறது. கடுகும் உருளைக்கிழங்கும் கோதுமையும் வயலை விட்டு அகன்றவுடன் நடவு நடக்கிறது. ஏறத்தாழ 100 முதல் 120 நாட்களில் பயிர் அறுவடைக்கு வந்துவிடும். மழைக்காலம் தொடங்கியதும் அதே நிலத்தில் நெல் நடலாம்.

இப்பயிரின் சிறப்பு இதில்தான் அடங்கியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம், 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி, 0.73 ஹெக்டேர். இரண்டு ஏக்கரும் இல்லை. இவ்வளவு சிறிய நிலத்தில் உணவுப் பயிரை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் நம்பும்படி எந்தக் குடும்பத்துக்கும் சொல்ல இயலாது. புதினாவோ கோதுமையையும் துரத்துவதில்லை, நெல்லையும் துரத்துவதில்லை. கோடையில் சும்மா கிடக்கும் நிலத்தில் விருந்தாளியாக வந்து, கையில் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

ஆனால் விருந்தாளிக்குச் செய்யவேண்டிய உபசாரம் அதிகம். நட்ட முதல் இரண்டு மாதங்களில் களை எடுப்பது இன்றியமையாதது. களை பயிரை நெருக்குவதோடு மட்டும் நிற்பதில்லை. அறுவடையில் புதினாவோடு கலந்து கலத்துக்குள் சென்றால் எண்ணெயின் மணத்தையே கெடுத்துவிடும். கறையானும் கம்பளிப் புழுவும் வேறு உண்டு. அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாட்களுக்கு முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடவேண்டும். நல்ல வெயில் அடிக்கும் நாளில்தான் அறுக்கவேண்டும். அறுவடை தள்ளிப்போய், அதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டால் இலை உதிரும், எண்ணெய் குறையும், நீர் தேங்கிய வயலில் செடியே அழுகிப்போகும். நூறு நாள் உழைப்பு ஒரே வாரத்தில் வீணாகிவிடக்கூடும்.

வாலையில் வடிப்பது

பச்சைப் புதினாவை அப்படியே விற்றால் விலை இல்லை. தொலைதூரம் அனுப்பவும் வழியில்லை. ஒரு ஹெக்டேரில் 20 முதல் 25 டன் வரை பச்சைச் செடி கிடைக்கும். அத்தனையும் எண்ணெயாகும்போது 100 முதல் 150 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. அஃதாவது ஒரு டன் செடிக்கு 5 முதல் 7 கிலோ எண்ணெய் என்று கொள்ளலாம். வண்டி வண்டியாக ஏற்றவேண்டிய சரக்கு சில டப்பாக்களுக்குள் அடங்கிவிடுகிறது. அழுகும் பொருள், வைத்திருந்து விற்கத்தக்க பொருளாக மாறுகிறது. இந்த மாற்றம் கிராமத்திலேயே, வயலின் ஓரத்திலேயே நடைபெறுவதால்தான் குடும்பத்துக்கு வருமானம் தங்குகிறது.

திராவகம் வடிக்கும் வாலையை நம் சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவர். புதினா வடிக்கும் கலமும் பெரியதோர் வாலையே. அடியில் நீர், அதற்கு மேலே துளையுள்ள தட்டு, தட்டின் மேல் செடி. கீழே தீ மூட்டினால் நீர் ஆவியாகிச் செடியின் ஊடே எழும்பி, இலையிலுள்ள எண்ணெயையும் ஆவியாக்கி உடன் அழைத்துச் செல்லும். மூடியிலிருந்து புறப்படும் குழாய், குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டிக்குள் சுருண்டு செல்கிறது. அங்கே ஆவி குளிர்ந்து நீரும் எண்ணெயுமாகி, கடைசியில் ஒரு சிறு பாத்திரத்தில் சொட்டுகிறது. எண்ணெய் நீரைவிட இலேசானது. ஆகவே மேலே மிதக்கும். அதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு முறை வடிக்க மூன்று அல்லது நான்கு மணி நேரம் ஆகும்.

சொல்வதற்கு இது எளிது. ஆனால் லாபமும் நஷ்டமும் இங்குள்ள சிறு சிறு கவனங்களில்தான் இருக்கின்றன. அறுத்த செடியைச் சில மணி நேரம் பரப்பி வாடவிடவேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் சூடேறிப் புழுங்கிவிடும். கலத்தில் செடியைச் சீராக மிதித்து நிரப்பவேண்டும். ஓரிடத்தில் தளர்ந்திருந்தால் ஆவி அந்த வழியாகவே தப்பி ஓடிவிடும். மற்றப் பகுதியின் எண்ணெய் செடியிலேயே தங்கிவிடும். சுருள்குழாய் மூழ்கியிருக்கும் தொட்டி நீர் சூடேறாமல் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வடிந்து வரும் நீர் கையில் பட்டால் சுடுமானால், எண்ணெயில் ஒரு பங்கு காற்றோடு போகிறது என்று பொருள். துருப்பிடித்த இரும்புக் கலத்தில் வடித்த எண்ணெய் நிறம் மாறும்; எவர்சில்வர் கலத்தில் வடித்தது தெளிவாக இருக்கும்; வியாபாரியும் அதற்கேற்ப விலை சொல்வான். வடித்த எண்ணெயில் ஒரு துளி நீரும் தங்கவிடாமல் பிரித்து, உலர்ந்த பாத்திரத்தில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஒவ்வொரு குடும்பமும் சொந்த வாலை வைத்திருப்பதில்லை. ஊரில் ஒருவர் வைத்திருப்பார்; மற்றவர்கள் ஒரு கலத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வடித்துக்கொள்வர். சிறு நிலத்துக்கு இதுவே சிக்கனம். அடுப்புக்கு விறகு தேடவேண்டியதும் இல்லை. முன்பு வடித்து எடுத்த சக்கையைக் காயவைத்து, அதையே எரிபொருளாகப் பயன்படுத்துகின்றனர். எஞ்சியதை மண்புழு உரமாக மாற்றினால் நிலத்துக்கே திரும்பிச் செல்லும்.

எண்ணெயிலிருந்து மென்தால் படிகத்தைப் பிரிக்கும் வேலை தொழிற்சாலையைச் சேர்ந்தது. எண்ணெயை மெல்ல மெல்லக் குளிரூட்டினால் மென்தால் ஊசி ஊசியாக உறைந்து நிற்கும். அதற்குக் குளிர்சாதன யந்திரங்கள் வேண்டும். குடும்பத்தின் வேலை எண்ணெயோடு முடிகிறது. எதுவரை நம் கைக்கு எட்டும் என்று அறிந்து அங்கே நிற்பதும் தொழில் அறிவேயாகும்.

விலை என்னும் ஊஞ்சல்

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பம் தன் நிலத்தில் 0.2 ஹெக்டேரில், அதாவது அரை ஏக்கரில், புதினா இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 120 கிலோ வீதம் 24 கிலோ எண்ணெய் கிடைக்கும். கிலோ 1,000 ரூபாய்க்கு விற்றால் 24,000 ரூபாய். கிலோ 2,000 ரூபாய்க்கு விற்றால் 48,000 ரூபாய். நாற்று, உழவு, களையெடுப்பு, பம்புசெட்டுக்கு டீசல் அல்லது மின்சாரம், வடிக்கும் கூலி ஆகியவற்றை இதிலிருந்து கழிக்கவேண்டும். செலவு இரண்டு நிலையிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே விலை பாதியாகும்போது லாபம் பாதியாவதில்லை. அதனினும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2012-இல் புதினா எண்ணெயின் விலை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியது. 2016-இல் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உயர்ந்த விலையைக் கண்டு அடுத்த ஆண்டு அனைவரும் புதினா நடுவர்; எண்ணெய் மலியும்; விலை சரியும். கோதுமைக்கும் நெல்லுக்கும் அரசாங்கம் அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை போன்ற பாதுகாப்பு இதற்கு இல்லை. 2005 முதல் இது முன்பேர வர்த்தகத்திலும் இடம்பெற்றிருப்பதால், விலையின் ஏற்ற இறக்கம் வயலுக்கு வெகு தொலைவில் உள்ளோரின் எதிர்பார்ப்புகளையும் சார்ந்திருக்கிறது.

மற்றொரு போட்டியும் உண்டு. மென்தாலை ரசாயன முறையிலும் செய்ய முடியும். 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ஜப்பானிய விஞ்ஞானி ரியோஜி நோயோரியின் ஆராய்ச்சியின் பயனாக, 1980-களிலேயே ஜப்பானில் தொழிற்சாலை அளவில் மென்தால் தயாராயிற்று. ஜெர்மனியிலும் பெரிய ரசாயனத் தொழிற்சாலைகள் அதனைச் செய்கின்றன. இயற்கை மென்தாலின் விலை மிக உயர்ந்தால் உலகின் பெரிய கம்பெனிகள் செயற்கை மென்தாலை நாடும். ஆகவே பாராபங்கி விவசாயியின் விலைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உச்சவரம்பு இருந்துகொண்டே இருக்கிறது.

இந்த ஊஞ்சலில் குடும்பத்தைக் காப்பது எண்ணெயின் ஒரு குணம்: அது விரைவில் கெடுவதில்லை. விலை குறைந்த மாதத்தில் முழுவதையும் விற்றுவிடாமல், ஒரு பகுதியை வீட்டில் வைத்திருந்து, பள்ளிக் கட்டணத்துக்கோ திருமணச் செலவுக்கோ தேவைப்படும்போது விற்கும் குடும்பங்கள் பல. நம் வீடுகளில் நகை எப்படியோ அங்கே எண்ணெய் அப்படி. ஆனால் கடன் வாங்கிப் பயிர் செய்தவனுக்கு இந்த வசதி இல்லை. அறுவடை முடிந்த மறுநாளே கடன்காரன் வாசலில் நிற்கும்போது, அன்றைய விலைதான் அவனுக்கு விலை.

நிலத்தடி நீரின் விலை

விலையைவிட ஆழமான கேள்வி நீரைப் பற்றியது. புதினா வளரும் காலம் கங்கைச் சமவெளியில் அனல்காற்று வீசும் காலம். வானம் ஒரு துளியும் தராத மாதங்கள் அவை. ஆகவே எட்டு, பத்து, பன்னிரண்டு முறைகூட ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் இறைக்கவேண்டியிருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் அது 5 லட்சம் லிட்டர். பத்து முறை பாய்ச்சினால் 50 லட்சம் லிட்டர். அதில் 120 கிலோ எண்ணெய் விளைந்தால், ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் செலவாகிறது என்று ஆகிறது.

தண்ணீருக்கு யாரும் விலைச்சீட்டு அனுப்புவதில்லை. எனவே இச்செலவு கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் கிணற்றின் நீர்மட்டம் தாழும்போது, ஆழமாகத் துளையிட வசதியில்லாத சிறு விவசாயியே முதலில் துன்புறுகிறான். இதற்கு லக்னோ ஆராய்ச்சி நிலையம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. குளிரில் நாற்றங்காலைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, நாற்றை முன்கூட்டியே வளர்த்து, பார் அமைத்து அதன்மேல் நட்டால் பயிர் முன்னதாகவே முதிர்ந்துவிடும். சால்களில் மட்டும் நீர் ஓடுவதால் செலவு குறைகிறது. கடுங்கோடையின் சில பாசனங்களும் மிச்சமாகின்றன. மழைக்கு முன் அறுவடையும் முடிந்துவிடுகிறது. நிலத்தடி நீர் ஏற்கெனவே வற்றிவரும் பகுதிகளில், நம் தமிழ்நாட்டின் பல வட்டங்கள் உட்பட, புதினாவை எண்ணிப் பார்ப்பதே தகாது. அங்கே எலுமிச்சைப்புல், பாமரோசாப் புல் போன்றவை ஏற்றவை. அவையும் இதே வாலையில் வடிக்கத்தக்கவை. நீரோ குறைவாகவே கேட்பவை. ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் பலன் தருபவை.

இலையாகவும் பொடியாகவும்

வாலை இல்லாத குடும்பமும் மூலிகையால் பயன் பெறலாம். துளசி, சமையல் புதினா, எலுமிச்சைப்புல் ஆகியவற்றை உலர்த்தி இலையாகவும் பொடியாகவும் விற்கலாம். இங்கும் மதிப்பு உலர்த்துவதிலேயே இருக்கிறது. பச்சிலையின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் நீரே உள்ளது. 100 கிலோ பச்சிலை உலர்ந்தால் ஏறத்தாழ 20 கிலோதான் தேறும். வெயிலில் நேரே காயவைத்தால் நிறமும் மணமும் பறந்துவிடும். காற்றோட்டமுள்ள நிழலில், தரையில் படாமல் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்தவேண்டும். விரலால் நசுக்கினால் இலை நொறுங்கவேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இன்னும் உள்ளது. அந்த ஈரத்தோடு கட்டி வைத்த மூட்டை பூசணம் பிடிக்கும். அப்பூசணம் உண்பவருக்கும் கேடு. விற்றவரின் நற்பெயருக்கும் கேடு.

விற்கும்போது சட்டத்தையும் மறக்கலாகாது. உண்ணும் பொருளாக விற்பதானால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு அல்லது உரிமம் வேண்டும். சோப்பு, கூந்தல் தைலம் போன்ற ஒப்பனைப் பொருள்களைச் செய்து விற்பதற்கும், நோயைத் தீர்க்கும் என்று சொல்லி மருந்தாக விற்பதற்கும் தனித்தனி உரிமங்கள் உண்டு. இயற்கையானது என்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. வடித்த புதினா எண்ணெய் மிகக் கடுமையானது. அதனைக் குடிக்கக் கூடாது. மென்தால் கலந்த தைலத்தைக் கைக்குழந்தைகளின் மூக்கருகே தடவுதல் மூச்சையே அடைக்கக்கூடிய ஆபத்து. குழந்தைக்குச் சளி என்றதும் தைலப் புட்டியைத் தேடும் வழக்கமுள்ள வீடுகள் இதனைக் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது என்ன? மூலிகைச் சாகுபடியில் ஒரு சிறு குடும்பத்துக்கு வருமானம் உண்டு. அது செடியில் தானாகக் காய்ப்பதில்லை; அறுத்தபின் வடிப்பதிலும் உலர்த்துவதிலும் காட்டும் கவனத்தில் பிறக்கிறது. உணவுப் பயிரின் இடத்தைப் பிடிக்காமல், கடனை நம்பாமல், கிணற்றின் ஆழத்தை அறிந்து, நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் செய்பவனிடம் அது நிலைக்கிறது. நிலம் முழுவதையும் ஒரே நறுமணப் பயிரிடம் ஒப்படைத்தவனுக்கு ஒரு நல்ல ஆண்டு செல்வம் தரும். அடுத்த ஆண்டு அரிசிக்கும் கடைக்குப் போகவைக்கும். மூலிகைத் தோட்டம் போட எண்ணும் நேயர்கள் செடியை விலை பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்: வடிக்கும் வாலை எவ்வளவு தொலைவில் உள்ளது? கோடையில் கிணற்றில் எவ்வளவு நீர் நிற்கிறது? விலை பாதியாகிவிட்டால் குடும்பம் தாங்குமா? இம்மூன்றுக்கும் தக்க விடை இருக்குமானால் துணிந்து நடலாம்.